ஓரிடத்தில் இரண்டு இரவு

சங்ககிரியில் தார்ப்பாய்த் தெரு என்று ஒன்று இருந்தது. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர்களும் பாடி கட்டுகிறவர்களும் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் குடியிருந்த, ஒரு பீடி பற்றவைத்து அணைவதற்குள் நடந்து முடித்துவிடக்கூடிய சின்னத் தெரு. அந்தத் தெரு முதன்முதலாக இடம் மாறிய காலையில், லேத்துக்கார அவிநாசியப்பனின் மனைவி சரசாள் வாசல் தெளிக்கக் குடத்தோடு வெளியே வந்தவள், எதிரே எந்நாளும் நிற்கிற கோட்டை மலையைக் காணாமல், அது நின்ற இடத்தில் அகலமாக ஓர் ஆறு ஓடுவதையும், அக்கரையில் யாரோ எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். அதற்காக அவள் கத்திக் கூப்பாடு போடவில்லை. வாசலைத் தெளித்து, கோலத்தைப் போட்டு முடித்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே பார்த்து, "ஏனுங்க, எந்திரிச்சு வாங்க. நம்ம தெரு எங்கியோ வந்துருக்குதுங்க" என்றாள்.

அது துங்கபத்திரை ஆறு என்று எருமைக்காரரிடம் விசாரித்து மற்றவர்கள் தெரிந்துகொள்வதற்குள், தெருவின் கடைசி வீட்டு மைனாவதி அதை அடையாளம் கண்டுகொண்டுவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் அவள் படுத்துத் தூங்கியது அதே ஆற்றங்கரையில்தான். கரையில் சாய்ந்து நின்ற மரம்கூட அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது.

மைனாவதி தார்ப்பாய் தைக்கிறவள். அவள் புருசன் குப்புராஜ் லாரி ஓட்டுகிறவன். நாக்பூர், இந்தூர், கௌஹாத்தி என்று வடக்கே போய், மாதத்தில் இரண்டொரு நாள் வீட்டுக்கு வந்து, அந்த இரண்டொரு நாளும் தூங்கித் தீர்த்துவிட்டுப் போகிறவன். பிள்ளை இல்லாத வீடு. துபாய்க்குப் போன தம்பி விட்டுப்போன கம்ப்யூட்டரில்தான் அந்த ஆட்டம் இருந்தது. ஆளே இல்லாத ஒரு பூமியில் நம்மை வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டலாம், கல் தோண்டலாம், வயல் திருத்தலாம். இருட்டினால் கொல்ல வருகிற உருவங்களிடமிருந்து தப்பிக்க வேண்டும். இப்படித்தான் ஆட வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. தம்பி அதில் மூன்று மாடி வீடு கட்டி, கோழிப்பண்ணை வைத்து, சுற்றிலும் மதில் எழுப்பியிருந்தான். மைனாவதியும் கொஞ்ச நாள் அந்தக் கோழிகளுக்குத் தானியம் போட்டாள், விளக்கு வைத்தாள், கதவுகளைச் சாத்தினாள். அப்புறம் ஒரு நாள், இங்கேயும் ஒரு வீட்டைக் காத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா என்று அவளுக்கு அலுத்துப்போனது.

புதிதாக ஓர் உலகத்தைத் திறந்தாள். ஒரே உயிர் என்று வைத்துக்கொண்டாள். செத்தால் அந்த உலகமே அழிந்துவிடும், மறுபடி பிறக்க முடியாது. அதோடு யாரும் கேட்காமலே தனக்குத்தானே ஒரு விதியும் போட்டுக்கொண்டாள். ஓரிடத்தில் இரண்டு இரவு தங்குவதில்லை. திரையின் அடியில் கைக்கு எட்டுகிற ஒற்றை வரிசைக்குள் அடங்கும் சாமானைத் தவிர வேறு வைத்துக்கொள்வதில்லை. பெட்டி கிடையாது, கிடங்கு கிடையாது, கூரை கிடையாது. என்றைக்கு ஒரே இடத்தில் இரண்டாம் முறை படுக்கிறேனோ அன்றைக்கு அங்கேயே வீட்டைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடுகிறேன் என்று, கேட்க ஆளில்லாத அறையில், வாய்விட்டே சொன்னாள். சொன்ன அன்றைக்கு ராத்திரி அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

அந்த விதிக்குத்தான் தெரு கட்டுப்பட்டது. அவள் தினமும் மதியத்துக்கு மேல் தையலை ஏறக்கட்டிவிட்டு ஆட்டத்தில் ஒரு பகல் நடந்து, ஒரு புது இடத்தில் படுக்கையை விரித்துப் படுப்பாள். மறுநாள் விடியும்போது தெரு வேறெங்காவது இருக்கும். சூரியன் உதிக்கிற பக்கம் நடந்தால் கிழக்கே, விழுகிற பக்கம் நடந்தால் மேற்கே. ஏன் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். நாளைக்கு எங்கே என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

முதலில் மைனாவதி பயந்துபோய் ஆட்டத்தைத் திறக்காமலேயே ஒரு நாள் இருந்து பார்த்தாள். தெரு ஆற்றங்கரையிலேயே நின்றது. ஆனால் தெருவுக்குள் எதுவும் நடக்கவில்லை. அடுப்பில் வைத்த உலை சூடேறவில்லை. பாலுக்கு உறை ஊற்றினால் தயிராகவில்லை. குழாயைத் திறந்தால் சொட்டு பாதியில் நின்றது. படுத்தவர்களுக்குத் தூக்கம் வரவில்லை, பசி மட்டும் ஒழுங்காக எடுத்தது. ஆட்டத்தைப் பற்றி மைனாவதி சரசாளிடம் சொல்லியிருந்தாள். பாதியில் நிறுத்தி வைத்த ஆட்டத்துக்குள் எல்லோரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரிந்ததும் அவிநாசியப்பன் வந்து கதவைத் தட்டினார்.

"அம்மிணி, பாவ புண்ணியம் பாத்து அதத் தொறந்துரு. காலைல வெச்ச ஒல இன்னும் கொதிக்கல."

"தொறந்தா தெரு மறுக்கா நகந்துருமுங்கண்ணா."

"நகந்தா நகந்துட்டுப் போகுது. சோறு வேகோணுமல்ல?"

அன்றிலிருந்து தெரு அதற்குப் பழகிக்கொண்டது. மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள். சரசாள் விடிந்ததும் முதலில் தரையைத் தொட்டுப் பார்த்து, செம்மண்ணா கரிசலா மணலா என்று உரக்கச் சொல்வாள், அதைக் கேட்டுத்தான் மற்ற வீடுகளில் என்ன செருப்பு போடுவது என்று முடிவு செய்தார்கள். எந்த ஊர்ப் பக்கம் போய் நின்றாலும் அங்கே அச்சு உடைந்த ஒரு டிராக்டர் இருந்ததால் அவிநாசியப்பனின் லேத்துக்கு ஓய்வே இல்லாமல் போனது. அந்தந்த ஊர்க்காரர்கள் மோரும் கடலையும் கொண்டுவந்து விற்றுவிட்டு, இது என்ன திருவிழா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு ஊரில், யாரைக் கேட்டுத் தெருவை இங்கே வைத்தீர்கள் என்று அதட்டிய அதிகாரி ஒருவர், மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு மறுநாள் வந்தபோது அங்கே சோளக்காடுதான் இருந்ததாம், பாவம். கரண்ட் மட்டும் எங்கே போனாலும் சங்ககிரியில் போலவே சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வந்தது.

மதியமானால் மைனாவதியின் வீட்டில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆளுக்கு ஓர் ஆட்டம் மனசில் இருந்தது. அவிநாசியப்பனாக இருந்தால் முதல் நாளே இரும்பு தோண்டி, சுற்றுச்சுவர் எழுப்பியிருப்பார். சரசாள் நாலு மாட்டைப் பிடித்துக் கட்டியிருப்பாள். பாடி கட்டுகிற பையன்கள் வாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பார்கள். வசதியிருந்தும் வெட்டவெளியில் படுத்து, கிடைத்த கிழங்கைத் தின்று, அந்தி சாயும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் தேடுகிற இவளுடைய ஆட்டம் அவர்களுக்குப் பிடிபடவே இல்லை.

"யாரு மைனா உன்னய இப்பிடிக் கஷ்டப்படச் சொன்னா?" என்று சரசாள் ஒரு நாள் கேட்டாள்.

"யாரும் சொல்லலீங்கக்கா. அதனாலதான் நல்லாருக்குது."

அவள் செத்துப்போனால் தெரு என்ன ஆகும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அவளுடைய உயிரைக் காட்டுகிற சின்னச் சின்னச் சிவப்பு இதயங்களில் ஒன்று குறைந்தாலும் அறையில் யாரும் மூச்சுவிடமாட்டார்கள். சளி பிடித்த குழந்தையைக்கூட வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தெருவுக்கு வெளியே இருந்தவர்களில், தெருவைத் தொலைத்தவன் குப்புராஜ்தான். கௌஹாத்தி டிரிப் முடித்துச் சங்ககிரிக்கு வந்தவன், வீடு இருந்த இடத்தில் சாக்கடைக் கோடுகள் மட்டும் தெரிகிற வெறும் பொட்டலில் லாரியை நிறுத்திவிட்டு போன் போட்டான்.

"ஏ மைனா. ஊட்டக் காணோம்."

"ஊடு எங்கிட்டத்தானுங்க இருக்குது. நாங்க இப்ப ரத்னகிரிப் பக்கம் கடலோரமா இருக்கறோம்."

"ரத்னகிரியா? சரி, அங்கயே இரு. வர்றேன்."

"இங்கயே இருக்க முடியாதுங்களே" என்றாள் மைனாவதி. அப்படிச் சொன்னபோது மனசின் ஓரத்தில் தனக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்ததை அவள் கவனித்தாள், கவனித்து, வெட்கப்பட்டாள்.

அவன் ரத்னகிரிக்குப் போனபோது தெரு பீஜப்பூரில் இருந்தது. பீஜப்பூருக்குப் போனபோது ராய்ச்சூர் தாண்டியிருந்தது. இப்படியே அவன் தெருவைத் துரத்திக்கொண்டு திரிந்தான். இதற்கிடையில் அவிநாசியப்பனின் மகள் கோகிலாவுக்கு எடப்பாடியில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார், முகூர்த்தக்கால் எங்கே போடுவீர்கள், நாங்கள் எங்கே வந்து இறங்குவது என்று தினமும் கேட்க, அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் எல்லோரையும் கூட்டினார். மைனாவதி ஆட்டத்தில் வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும், ஆரம்பித்த இடத்துக்கே போய் அங்கே இரண்டாம் முறை படுக்க வேண்டும், தெரு சங்ககிரியிலேயே நிலையாக நின்றுவிடும், எல்லோரும் பழையபடி இருக்கலாம் என்று பேசி முடித்தார்கள். மைனாவதி தலையை ஆட்டினாள். ஊரே கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது.

குப்புராஜுக்கும் போன் பண்ணி, "நீங்க சங்ககிரியிலயே இருங்க, நாங்க அங்கதான் வர்றோம்" என்று சொன்னாள். அவன் சரி என்றான். ஆனால் இருபது வருசமாக நின்ற இடத்தில் நின்றே பழக்கமில்லாத ஆள், ஆள் நடமாட்டமில்லாத அந்தப் பொட்டலில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தான், மறுநாள் காலையில் நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். தெரு தெற்கே வர வர, அவன் வடக்கே போனான்.

தெரு கர்நூலைத் தாண்டி, இன்னும் ஓரிரு நாளில் வீடு என்று பெண்கள் மாவிலை பறிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலையில் மைனாவதிக்கு போன் வந்தது. குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"ஹிங்கன்காட் பக்கத்துல ஒரு தாபால படுத்துருக்கறேன். வண்டி ஓட்ட முடியல. தாபாக்கார அம்மா என்ர கண்ணப் பாத்துட்டு பயந்துபோச்சு. மஞ்சளா இருக்குதாம்."

"அய்யோ, ஆசுபத்திரிக்குப் போங்க. யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க."

"வேண்டாம். ஊட்டுக்கு வந்தாச் சரியாயிரும்." கொஞ்ச நேரம் மூச்சிரைத்தான். "ஊடு எங்க இருக்குது இப்ப?"

அவள் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். வேறொரு பெண் எடுத்து, புரியாத பாஷையில் அவசர அவசரமாக என்னவோ சொல்லி, கடைசியில் அழுதாள். அந்த அழுகை மட்டும் மைனாவதிக்குப் புரிந்தது.

விசயத்தைக் கேட்டு அவிநாசியப்பன் உடனே வந்தார். கெட்ட மனுசர் இல்லை. "நம்ம பசங்க ரெண்டு பேரு இப்பவே பஸ் ஏறட்டும் அம்மிணி. போய்த் தூக்கிட்டு நேரா சங்ககிரிக்கு வந்துரட்டும். நாமளும் அதுக்குள்ள போய்ச் சேந்துருவோம். இத்தன தூரம் வந்துட்டுத் திரும்பறது ஆகாது. கல்யாணம் கெடக்குது" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மைனாவதி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பஸ் ஏறி, ரயில் மாறி, அந்தப் பையன்கள் போய்ச் சேருவதற்குள் நாளை இரவாகிவிடும். தெருவாக இருந்தால் விடியும்போது அங்கே இருக்கும்.

மதியம் வழக்கம்போலக் கூட்டம் சேர்ந்தது. ஜன்னலில் தலைக்கு மேல் தலை. மைனாவதி ஆட்டத்தைத் திறந்தாள். அவளுடைய ஆள் புல்வெளியில் எழுந்து நின்றது. கையில் சுருட்டிய படுக்கை, ஒரு கோடரி, கொஞ்சம் ரொட்டி, இரண்டு தீப்பந்தம். அவள் ஆளைத் திருப்பினாள். சூரியன் வலது கைப்பக்கம் வந்தது.

"அம்மிணி, தப்பாப் போற. அது வடக்கு" என்றார் அவிநாசியப்பன்.

"சரியாத்தானுங்கண்ணா போறேன்."

ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினார்கள். எங்க புள்ள கல்யாணம் என்ன ஆவறது என்றது ஒரு குரல், ஒருத்தனுக்காக ஒரு தெருவே போவணுமா என்றது இன்னொரு குரல், மெயினை நிறுத்துங்கடா என்று கூட யாரோ சொன்னார்கள். நிறுத்தினால் உலை வேகாது என்பது நினைவுக்கு வந்து அந்தக் குரல் அடங்கியது. மைனாவதி யாரையும் பார்க்கவில்லை. திரையில் அவள் ஓடினாள். நடந்தால் ஒரு பகலில் தெரு எவ்வளவு தூரம் போகும் என்பது துணி அளந்து பழகிய அவள் கைக்குத் தெரிந்துபோயிருந்தது. நடை பற்றாது, ஓட வேண்டும், ஓடினாலும் பகல் பற்றாது, இருட்டிலும் ஓட வேண்டும். அந்த ஆட்டத்தில் இருட்டில் வெட்டவெளியில் ஓடுகிறவர்கள் பிழைப்பதில்லை.

ஓட ஓடப் பசி ஏறியது. ரொட்டியைத் தின்றாள், தின்றதும் மறுபடி ஓடினாள். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது திரையில் பொழுது விழுந்தது. முதல் உருவம் ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து அடித்தபோது இரண்டு இதயங்கள் போயின. சரசாள் தன்னை அறியாமல் மைனாவதியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மைனாவதி தீப்பந்தத்தை வீசி எறிந்து அந்த வெளிச்சத்தில் ஒரு பள்ளத்தைத் தாண்டினாள். எங்கிருந்தோ அம்பு வந்தது. இன்னும் ஓர் இதயம் போனது. இனி திரும்பு என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் திரும்புகிற வழியிலும் அதே இருட்டுதான் இருந்தது.

"எடது கைப்பக்கம் ஒண்ணு வருது!" என்று கத்தியது யார் என்று பார்த்தால், அது அவிநாசியப்பன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளைத் திட்டியவர், இப்போது திரைக்கு முன்னால் மண்டியிட்டு விரலால் காட்டிக்கொண்டிருந்தார். "பின்னால பாக்காத. பள்ளம், பள்ளம்! தண்ணிக்குள்ள எறங்கிரு அம்மிணி, அதுக நீந்தாது!"

அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். அக்கரையில் ஏறியபோது அரை இதயம்தான் மிச்சம். அது துடிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. பசியில் ஓட்டமும் நின்றுபோனது, தள்ளாடித்தான் நடக்க முடிந்தது. கோடரியையும் கீழே போட்டாள். திரையில் விடியப்போகிற கடைசி இருட்டில், ஒரு மேட்டில் படுக்கையை விரித்து, ஆளைப் படுக்கவைத்தாள். திரை மெல்லக் கறுத்து, மெல்ல வெளுத்தது. ஜன்னலில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. மைனாவதியின் ரவிக்கை முதுகு முழுக்க வேர்வையில் ஒட்டியிருந்தது.

மறுநாள் விடிந்தபோது சரசாள் தரையைத் தொட்டுப் பார்த்து, "கரிசலு" என்றாள். தெருவின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி வெடித்து நின்றது. அந்தப் பக்கம் நெடுஞ்சாலை, சாலையோரம் ஒரு தாபா, தாபாவுக்கு முன்னால் குப்புராஜின் லாரி. மைனாவதி செருப்பில்லாமல் ஓடினாள். கயிற்றுக் கட்டிலில் கிடந்தவன், மஞ்சள் பூத்த கண்ணைத் திறந்து, அவளுக்குப் பின்னால் நீளமாகத் தெரிந்த தன் தெருவைப் பார்த்தான்.

"ஊடு வந்துருச்சா?" என்றான்.

"வந்துருச்சுங்க" என்றாள்.

அவனைத் தூக்கியவர்களில் முன்னால் நின்று தூக்கியது அவிநாசியப்பன்தான். வீட்டுக்கு அல்ல, நேராக அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு. லாரிக்காரர்களோடு பழகிய ஓட்டை இந்தியில் அவர்தான் டாக்டரிடம் பேசினார். ஈரல் கெட்டிருக்கிறது, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம், பிழைக்க வைக்கலாம், ஆனால் வாரக்கணக்கில் இங்கேயே படுத்திருக்க வேண்டும், வண்டியிலோ ரயிலிலோ ஏற்றினால் வழியிலேயே போய்விடுவான் என்றார் டாக்டர். அவிநாசியப்பன் இதைத் தமிழில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைனாவதியும் தரையையே பார்த்தாள். இன்று மதியம் ஆட்டத்தைத் திறந்து அவள் நடந்தால், நாளை தெரு இங்கே இருக்காது, அவளும் இருக்கமாட்டாள். அவன் மட்டும் தெரியாத ஊரில், தெரியாத பாஷையில் கிடப்பான். அவள் தெருவை விட்டுவிட்டு அவனோடு தங்கினால், ஆட ஆளில்லாத தெருவில் உலை கொதிக்காது, தூக்கம் வராது. இங்கேயே இரண்டாம் முறை படுத்தால் விதி முறிந்துபோகும். அப்புறம் இந்தப் பருத்திக்காடுதான் தெருவுக்கு ஊர், என்றென்றைக்கும், சங்ககிரி கிடையாது. இத்தனை வீட்டுக்காரர்களிடம் போய் எனக்காக இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்க எந்த வாயால் முடியும்?

அன்றைக்கு அவள் ஆட்டத்தைத் திறக்கவில்லை. தெருவில் அடுப்பு எரியவில்லை. குழாயில் தண்ணீர் நின்றது. எல்லோரும் தாபாவில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு, தூக்கம் வராமல் படுத்துக்கிடந்தார்கள். யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று மைனாவதி காத்துக்கொண்டே இருந்தாள். ஒருவரும் தட்டவில்லை.

விடிந்ததும் மண்வெட்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். அவிநாசியப்பன் தன் வீட்டு வாசலில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், முகூர்த்தக்காலுக்குப் பாலை மரம் கிடைக்காத அந்த ஊரில், பால் வடிந்தால் போதும் என்று வெட்டிக்கொண்டு வந்த ஓர் அத்திக் கொம்பு மஞ்சள் பூசிக் கிடந்தது. சரசாள் சீமாறால் மண்ணை ஒதுக்கிவிட்டு நவதானியத் தட்டோடு நின்றாள். முகூர்த்தக்கால் ஒரு முறை நட்டால், கல்யாணம் முடியாமல் அதைப் பிடுங்கவும் கூடாது, அந்த வாசலை விட்டு எங்கும் போகவும் கூடாது. இது அந்தத் தெருவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"அண்ணா, வேண்டாமுங்கண்ணா" என்று மைனாவதி ஓடி வந்தாள். "ஊருக்குப் போவோணும்னு இருந்தீங்களே."

"போவோணும்னுதான் இருந்தேன்." அவர் நிமிரவில்லை. "தெனமும் மாப்பிள்ளை ஊட்டுக்காரன் எங்க வர்றதுன்னு கேக்கறான். இன்னைக்குத்தான் ஒரு ஊர்ப் பேரச் சொன்னேன். ஹிங்கன்காட்டு, ரயில் நிக்கும், எறங்கி வாங்கன்னுட்டேன்." கொம்பைத் தூக்கி நட்டார். "எங்கியோ ஒரு எடத்துல நிக்கத்தான வேணும் அம்மிணி. நம்ம ஆளு ஒருத்தன் இங்க படுத்துருக்கறான். நிக்கறதுக்கு இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?"

தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து குழியில் ஒரு பிடி மண் தள்ளினார்கள். முகம் சுளித்துக்கொண்டே தள்ளியவர்களும் உண்டு. தள்ளாதவர் யாரும் இல்லை.

அன்று மதியம் மைனாவதி உட்கார்ந்தாள். அவளுடைய ஆள் அதே மேட்டில் நின்றுகொண்டிருந்தது. பகல் முழுக்க அது ஓர் அடிகூட நகரவில்லை. மண்ணைத் தோண்டி நான்கு சுவர் எழுப்பினாள், கூரை போட்டாள், ஒரு கதவு வைத்தாள். திரையில் இருட்டியது. மவுஸைப் படுக்கையின் மேல் கொண்டுபோனவள் அழுத்த முடியாமல் அழ ஆரம்பித்தாள். அழுகை என்றால் சின்ன அழுகை இல்லை, வாயைத் திறந்துகொண்டு அழுதாள்.

"எங்களுக்காக அழுவாத கண்ணு. எங்களுக்கு மனசு சமாதானந்தான்" என்று சரசாள் தலையைத் தடவினாள்.

"உங்களுக்காக இல்லீங்கக்கா." மைனாவதி மூக்கைச் சிந்தினாள். "எனக்காக அழுவறேன். நிக்க எனக்கு இஷ்டமே இல்ல. சங்ககிரிக்குப் போகவும் இஷ்டமில்ல. போய்ட்டே இருக்கோணும்னுதான் இருந்துச்சு. பொறந்ததுல இருந்து இப்பத்தான் நான் எங்கியாச்சும் போனது."

சரசாளும் இதற்கு முன் எங்கும் போனதில்லை. சுவருக்கு வெளியே உருவங்கள் உறுமுகிற சத்தம் கேட்டது. மைனாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆளைப் படுக்கவைத்தாள்.

தெரு அங்கேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஆட்டத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் உலை கொதித்தது, பால் உறைந்தது, தூக்கம் வந்தது. கம்ப்யூட்டரின் மேல் ஒரு தார்ப்பாய்த் துண்டைப் போட்டு மூடிவைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் ரயிலேறி வந்து இறங்கி, பருத்திக்காட்டு நடுவில் நாதஸ்வரம் ஊத, கோகிலாவுக்குக் கல்யாணம் நடந்தது. பக்கத்து ஊர் ஜனங்கள் பத்திரிகை இல்லாமலே வந்து பந்தியில் உட்கார்ந்து ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார்கள். பருத்தி ஏற்றுகிற லாரிகளுக்குத் தார்ப்பாய் தேவைப்பட்டது, லேத்தும் தேவைப்பட்டது. கார்த்திகைக்குள் சரசாள் காய்க்காரியிடம் மராட்டியில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். சங்ககிரியில் அந்தப் பொட்டலில் இப்போது யாரோ ஆடு கட்டுகிறார்களாம்.

குப்புராஜ் பாதி உடம்பாக வீட்டுக்கு வந்தான். ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் சில நாள் தூங்கினான். அப்புறம் தூக்கமும் வராமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தான். நடந்த கதையெல்லாம் ஆளாளுக்கு அவனிடம் சொல்லியிருந்தார்கள், மைனாவதி சரசாளிடம் அழுதுகொண்டு சொன்னதையும் சேர்த்து. ஒரு காலையில் மைனாவதி பஞ்சு போன்ற இட்லியாக நாலு அவனுக்கு எடுத்துவைத்துவிட்டு, புதுச் சேலையோடு வந்து எதிரில் நின்றாள்.

"நான் போய்ட்டு வர்றேனுங்க."

"எங்க?"

"முதல்ல எந்த பஸ்ஸு வருதோ அதுல. ரோட்டுல நிக்கப் போறேன். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ராத்திரி."

கூடாது என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். கட்டில் கயிற்றில் தன் கை இறுகுவதைப் பார்த்தான். பருத்திக்காட்டின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில், "காசு இருக்குதா?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். அவன் ரோடு வரைக்கும் கூட நடந்து வந்து, பஸ் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றான்.

பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று போர்டைப் படிக்க மைனாவதிக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. ஜன்னலோரச் சீட்டு கிடைத்தது. பருத்திக்காடு முடிந்து ஆரஞ்சுத் தோப்புகள் தொடங்கின. மதியம் போன் வந்தது. இத்தனை வருசத்தில் போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் நிறுத்தாமல் பேசினான்: பால்காரன் வந்துபோனான், சோறு அடிப்பிடித்துவிட்டது, சரசாள் ரசம் கொடுத்தாள், எதிர்வீட்டுக் குழந்தை அழுதது, வெயில் வாசல்படி வரைக்கும் வந்து இப்போது திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அவள் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். பேச்சு தீர்ந்தது. அவன் வைக்கவில்லை.

"மைனா."

"சொல்லுங்க."

"பயமா இருக்குது. நீ வராமப் போயிருவியோன்னு."

அவள் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தாள். காற்று முகத்தில் அடித்தது.

"எனக்கும் இருந்துச்சுங்க" என்றாள். "இருவது வருசமா."

பஸ் ஏதோ ஒரு ஊரில் நின்றது. அவள் இறங்கினாள்.